உத்தியோகமும் முகூர்த்தமும்

(நம் சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மாதர் பகுதியினர் எனக்கு அளித்த பொருள், 'வேலைக்குச் செல்லும் மணமாகாத பெண்ணின் அன்றாட வாழ்வு' என்பதாகும். இதைப் பற்றிப் பேச, இம்மண்டபத்தின் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் பெண்மக்களே உரியவர்கள். நானோ பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ஆயினும் பல்லாண்டுகள் சீசன் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன். இப்பொழுது ஊழியர்களுக்குப் பாஸ் எழுதும் பிரிவில் இருப்பவன். நம் பெண்களின் வாழ்க்கையில் ஒரு பகுதி இவ்விரு மேசைகளையும் கடந்துதான் செல்கிறது. அந்த அளவுக்குச் சில சொல்ல எனக்கும் இடமுண்டு என்று கருதுகிறேன்.

முதலில் பாஸைப் பற்றியே சொல்கிறேன். ரயில்வே ஊழியரின் குடும்பப் பாஸில் மகனுக்கு ஒரு விதி, மகளுக்கு ஒரு விதி. மகனுக்கு வயது 21 கடந்து படிப்பும் முடிந்துவிட்டால் அவன் பெயர் நீங்கிவிடும். மகளின் பெயரோ, அவளுக்கு மணமாகாதவரையில், எந்த வயதானாலும், அவள் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும், இருந்துகொண்டே இருக்கும். மணமானதும் நீங்கும். இவ்விதியை வகுத்தவர்கள் பெண்ணிடம் பரிவு கொண்டே வகுத்தார்கள், அதில் ஐயமில்லை. அதனால் பயன் பெற்ற தகப்பனார்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள். ஆனால் அதனுள் உறையும் எண்ணத்தைச் சற்றே நோக்குங்கள். உத்தியோகம் மகனின் நிலையை மாற்றிவிடுகிறது; மகளின் நிலையை மாற்றுவதில்லை. அவள் நிலையை மாற்றுவது திருமணம் ஒன்றே. இவ்வெண்ணம் ரயில்வேக்கு மட்டும் உரியதன்று. நம் ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் அது நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது.

இனி அந்தப் பெண்ணின் ஒரு நாளைப் பார்ப்போம். அவள் கரமனையிலோ வலியசாலையிலோ இருந்தால் பேருந்தில் செல்வாள். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் பக்கமாயின் காலை வண்டியில் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே தம்பானூர் வந்து இறங்குவாள். தலைமைச் செயலகத்தில் கோப்பு எழுதுகிறவளும், தனியார் பள்ளியில் குறைந்த ஊதியத்துக்குப் பாடம் சொல்கிறவளும், 1990-இல் தோன்றிய கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் கணிப்பொறியின் முன் அமர்கிறவளும், கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடையில் புடைவை விரிக்கிறவளும் அந்த ஒரே பெட்டியில் வருகிறார்கள். இவர்களுள் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு வேலை நேரத்தில் உட்காரும் உரிமையே அண்மையில்தான் வந்தது. 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, விற்பனைப் பெண்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டதன் பயன் அது. தமிழ்நாட்டில் அத்தகைய திருத்தம் 2021-இல் வந்தது. நாம் நான்கு புடைவைகளைப் புரட்டிப் பார்த்து 'இன்னொரு நிறம் எடு அம்மா' என்று சொல்லும்போது, எதிரே நிற்பவள் காலையிலிருந்து நிற்கிறாள் என்பதை எண்ணுவதில்லை.

ஐந்து மணிக்கு எழுகிறாள்; கோலமிட்டு, தாயாருக்குத் துணை செய்து, சோற்றுப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுகிறாள். மாலை ஏழு மணிக்குத் திரும்புகிறாள். தம்பி அதே நேரத்தில் திரும்பினால் அவனுக்குக் காப்பி வருகிறது. அவள் திரும்பினால் காப்பி போட ஆள் வந்துவிட்டது என்று வீடு நிம்மதி அடைகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; வழக்கமாகச் சொல்கிறேன்.

மாதச் சம்பளம் வருகிறது. முதற் சம்பளத்தைச் சுவாமி படத்தின் முன் வைத்து எடுத்துத் தாயாரிடம் கொடுக்கிறாள். அடுத்த மாதமே தகப்பனார் அவள் பெயரில் ஒரு சிட்டி சேர்ந்துவிடுகிறார். இங்கே 1969 முதல் அரசாங்கமே சிட்டி நடத்துகிறது. ஆதலால் பணம் பத்திரம்தான். எதற்காக அந்தச் சிட்டி? அவள் கழுத்துக்கும் கைக்கும் நகை வாங்குவதற்காக. முன்காலத்தில் பெண்ணின் கல்யாணத்துக்குத் தகப்பன் கடன் வாங்கினான். இப்போது பெண்ணே தன் கல்யாணத்துக்குத் தவணை கட்டுகிறாள். வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அச்சட்டத்துக்கும் இந்தச் சிட்டிக்கும் என்ன உறவு என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பார்க்க வருகிறார்கள். சிலர் பஞ்சாங்கம் பார்த்துப் புதன்கிழமையில் வருகிறார்கள். அதற்கு அவள் ஒரு நாள் விடுப்பு எழுத வேண்டும். காரணம் என்று என்ன எழுதுவது? 'சொந்த வேலை' என்று எழுதுகிறாள். மேலதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்திடுகிறார். நான்கு இடம் வந்து பார்த்துச் சென்றால் விடுப்பில் நான்கு நாள் போயிற்று. காய்ச்சலுக்கு வைத்திருந்த விடுப்பு கேசரிக்குச் செலவாகிவிடுகிறது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த காலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். சீசன் டிக்கெட்டை ஒரு மாதத்துக்கும் வாங்கலாம், மூன்று மாதத்துக்கும் வாங்கலாம். மூன்று மாதத்துக்கு வாங்கினால் சற்று ஆதாயம். வழக்கமாக மூன்று மாதத்துக்கு வாங்கும் பெண் ஒரு நாள் வந்து, 'இந்த முறை ஒரு மாதம் போதும் சார்' என்பாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிடும், நிச்சயதாம்பூலம் ஆகிவிட்டது என்று. அடுத்த மாதமும் ஒரு மாதச் சீசனே வாங்குவாள். அதன்பின் வரமாட்டாள். சிலர் கல்யாணப் பத்திரிகை தந்துவிட்டுச் சென்றதுண்டு. போட்டித் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படித்து, தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்து, நியமன உத்தரவுக்குக் காத்திருந்து, வேலையில் சேர்ந்து ஈராண்டு கூட ஆகாத பெண்கள் அவர்கள். இப்போது பெரும்பாலோர் கைபேசியிலேயே சீசன் எடுத்துக்கொள்கிறார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்கு முகம் தெரிவதில்லை. ஆனால் கதை மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

அவர்கள் ஏன் வேலையை விட்டார்கள்? பிள்ளைவீட்டார் கேட்ட ஒரு கேள்வியால். 'கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகத்தான் வேண்டுமா?' என்பதே அது. மிக மெதுவாக, வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்கப்படும் கேள்வி. 'உங்கள் இஷ்டம்' என்று நாம் விடை சொல்லிவிடுகிறோம். அவளுடைய இஷ்டம் என்னவென்று யாரும் உள்ளே சென்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதியதன்று. 1928-இல் இதே திருவனந்தபுரத்தில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. பெண்களுக்கு அரசாங்க உத்தியோகம் தரலாமா என்பது அன்று திருவிதாங்கூர் எங்கும் பேசப்பட்ட விவாதம். பின்னாளில் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் எழுதிய பெரும் புலவர் டி. கே. வேலுப்பிள்ளை, மணமான பெண்களுக்கு உத்தியோகம் தருவதை எதிர்த்து அக்கூட்டத்தில் பேசினார். அப்போது ஓர் இளம்பெண் மேடையேறினார். அவர் அன்னா சாண்டி, 1905-இல் பிறந்தவர், 1926-இல் கேரளத்தில் முதன்முதலாகச் சட்டப் பட்டம் பெற்ற பெண். நீதிமன்றத்தில் எதிர்க்கட்சி வழக்கை உடைப்பதுபோல் வேலுப்பிள்ளையின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். அவர் கணவர் பி. சி. சாண்டி காவல்துறை அலுவலர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மனைவியின் உத்தியோகத்தால் அவர் குடும்பம் கெட்டதாக வரலாறு இல்லை. அன்னா சாண்டி பிறகு 'ஸ்ரீமதி' என்னும் பத்திரிகை நடத்தினார். 1937-இல் முன்சீப் ஆனார். 1948-இல் மாவட்ட நீதிபதி. 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. நம் நாட்டில் உயர்நீதிமன்றத்தில் அமர்ந்த முதற்பெண் அவரே.

அவருக்கும் முந்தியவர் ஒருவர் உண்டு. தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் பிறந்தவர்கள் நம் குடியிருப்பில் பாதிப்பேர் இருப்பீர்கள். அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1886-இல் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க இடம் கேட்டார். பெண் என்பதால் மறுத்தார்கள். மனோன்மணீயம் தந்த நம் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த அதே கல்லூரிதான். சரித்திரம் படித்துப் பட்டம் பெற்று, பிறகு இலண்டன் சென்று மருத்துவம் பயின்றார். 1916-இல் திரும்பி வந்து தைக்காட்டில் பொறுப்பேற்றார். மறு ஆண்டு, முப்பது வயது கடந்தபின், வழக்கறிஞர் லூக்கோஸை மணந்தார். உத்தியோகம் ஏற்ற மறு ஆண்டே மணம்! ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. மருத்துவச்சிகளின் பிள்ளைகளை அழைத்து அவர்களுக்குப் பிரசவப் பயிற்சி தந்தார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையக் காரணமானவரும் அவரே. பெண்ணுக்கு இருபத்தைந்து வயது முடிந்தால் தாய்மார்களுக்கு உறக்கம் வருவதில்லையே, அவர்களுக்காக இந்த வயதுக் கணக்கைச் சற்று அழுத்திச் சொன்னேன்.

'அவர்கள் பெரிய இடத்துப் பெண்கள், நம் பெண்கள் குமாஸ்தா வீட்டுப் பெண்கள்' என்று யாரோ பின்வரிசையில் சொல்வது கேட்கிறது. உண்மைதான். மேரியின் தகப்பனார் அரண்மனை வைத்தியர். ஆனால் தடை பெரிய இடத்துப் பெண்களையும் விடவில்லை. அவர்களுக்கு அது அச்சிட்ட காகிதத்திலேயே வந்தது. பத்தனம்திட்டைப் பக்கத்தைச் சேர்ந்த அன்னா ராஜம் ஜார்ஜ் 1951-இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். வெளிநாட்டுப் பணியோ வேறு மத்தியப் பணியோ பெண்ணுக்குப் பொருந்தும் என்று நேர்முகத்தில் அவரைத் திருப்பப் பார்த்தார்கள். அவர் இணங்காமல் சென்னை மாகாணத்தையே கேட்டுப் பெற்றார். அவருக்குக் கிடைத்த நியமன உத்தரவில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்று கண்டிருந்தது. சில ஆண்டுகளில் அவ்விதி நீங்கிற்று. ஓசூரில் சப் கலெக்டராக இருந்து திறமையை நாட்டியவர், 1985-இல்தான் மணம் புரிந்துகொண்டார்.

அவருக்குப் பொருந்தும் என்று சொல்லப்பட்ட அந்த வெளிநாட்டுப் பணியின் நிலை என்ன? அதில் பெண் அதிகாரி மணம் செய்யுமுன் அரசாங்கத்தின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும். மணத்துக்குப் பின் குடும்பப் பொறுப்பு இடையூறு என்று அரசாங்கம் கருதினால் அவரை விலகச் சொல்லலாம். 1949-இல் அப்பணியில் சேர்ந்த குடகுநாட்டு முத்தம்மா இதனை உச்சநீதிமன்றம் வரை கொண்டு சென்றார். 1979-இல் அவ்வழக்கை விசாரித்தவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, 1957-இல் கேரளத்தின் சட்ட அமைச்சராகவும் இருந்தவர். பெண்ணின் குடும்பப் பொறுப்பு கடமைக்கு இடையூறாகுமெனில் ஆணின் குடும்பப் பொறுப்பும் அவ்வாறே ஆகலாமன்றோ என்னும் கருத்தில் அவர் எழுதினார். இந்த ஒரு கேள்வியைப் பெண்பார்க்கும் கூடத்தில் கேட்டுப் பாருங்கள்!

அதிகாரிகள் மட்டும் அல்லர். பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியில் மருந்துகளைப் பெட்டியிலிட்டுக் கட்டும் பெண்களுக்கும் அவ்விதியே இருந்தது; தாலி ஏறினால் வேலை போகும். தொழிற்சங்கம் வழக்காடிற்று. மணமான பெண்கள் அடிக்கடி வரமாட்டார்கள் என்பது கம்பெனியின் வாதம். அதற்கு ஆதாரமில்லை என்று 1965-இல் உச்சநீதிமன்றம் அவ்விதியை நீக்கியது.

ஆகவே காகிதத்தில் இருந்த விதிகள் ஒவ்வொன்றாய்ப் போயின. வெற்றிலைத் தட்டில் இருக்கும் விதி மட்டும் போகவில்லை. அதை நீக்க எந்த நீதிமன்றத்துக்கும் வழக்குப் போகாது; போகவும் வேண்டாம்.

இதில் நம்மைப்போன்ற வெளிமாநிலத் தமிழருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. அதைச் சொல்லத்தான் நான் இன்று முக்கியமாக எழுந்தேன். 1956 நவம்பர் 1-க்கு முன் திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் ஒரே ராஜ்யம். கரமனையில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் பெண்ணை நாகர்கோவிலில் கொடுத்தால், மாற்றல் கேட்டு அங்கே செல்ல வழியிருந்தது. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன. நமக்கெல்லாம் அது மகிழ்ச்சியே. ஆனால் நம் பெண்களுக்கு அதன் விலை இது: கேரள அரசு உத்தியோகம் களியக்காவிளையைத் தாண்டாது. நாமோ இன்றும் மாப்பிள்ளையைத் திருநெல்வேலியிலும் மதுரையிலும் சென்னையிலும்தான் தேடுகிறோம். பெண்ணின் சாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். உத்தியோகம் எல்லையைத் தாண்டுமா என்னும் பதினோராவது பொருத்தத்தைப் பார்ப்பதில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். கேரள அரசு ஊழியருக்குக் கணவனுடன் சென்று வாழச் சம்பளமில்லா விடுப்பு உண்டு. முன்னர் அது பணிக்காலம் முழுவதிலும் சேர்த்து இருபதாண்டுகள் வரை கிடைத்தது. 2020-இல் ஐந்தாண்டுகளாகக் குறைத்துவிட்டார்கள். இதை அறியாமல், பழைய கணக்கை நம்பித் தேதி குறிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மத்திய அரசு உத்தியோகம் சற்று இளக்கம். கணவன் மனைவி இருவரையும் இயன்றவரை ஓரூரில் அமர்த்த வேண்டும் என்னும் நெறி 1986 முதல் இருக்கிறது. ரயில்வேயில் சொந்த விருப்பத்தின்பேரில் வேறு பிரிவுக்கு மாறலாம். ஆனால் அங்கே பணிமூப்பில் கடைசிப் பெயராய்ச் சேர வேண்டும். பத்தாண்டு அனுபவம் உள்ளவள் நேற்று வந்தவனுக்குக் கீழே நிற்பாள். புக்ககம் சென்ற மருமகளுக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை; வீட்டில் அவள் ஏற்கெனவே அந்த வரிசையில்தான் நிற்கிறாள்.

மற்றொரு வகை மாப்பிள்ளைவீட்டார் உண்டு. அவர்கள் வேலையை விடச் சொல்வதில்லை. 'வேலையில் இருக்கும் பெண்ணாகவே வேண்டும்' என்று தரகரிடம் சொல்லியனுப்புகிறார்கள். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, வீட்டுக்கடன் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இவர்களை முற்போக்காளர் என்று சிலர் புகழ்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முன்னவர் வேலையை விட்டுவிடு என்கிறார். பின்னவர் வேலையை வைத்துக்கொள், சம்பளத்தைத் தந்துவிடு என்கிறார். இருவரும் அவளைக் கேட்கவில்லை என்பதில் ஒற்றுமை.

நம் குடியிருப்பில் நடந்த ஒன்றைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். பெற்றோர் இம்மண்டபத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் இசைவு பெற்றே சொல்கிறேன். பெண் கேரள அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வரன் திருநெல்வேலி, வங்கி உத்தியோகஸ்தர். பெண் பார்த்த அன்று வழக்கமான கேள்வி வந்தது. தகப்பனார் வாய் திறக்குமுன் பெண்ணே, 'என் வேலைக்கு மாற்றல் கிடையாது. உங்களுடையதற்கு உண்டா?' என்று கேட்டுவிட்டாள். கூடம் அமைதியாயிற்று. தாயார் அடுக்களைக்குள் போய்விட்டார். பிள்ளையின் தமக்கை எழுந்து செருப்பைத் தேடினாராம். பிள்ளை மட்டும், 'கேட்டுப் பார்க்கலாம்' என்றான். அந்த ஒரு சொல்லுக்குப் பின் ஏழு மாதம் கடிதமும் தொலைபேசியுமாக நடந்தது. இரு முறை சம்பந்தம் முறிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். முடிவில் அவனுக்கு நாகர்கோவில் கிளை கிடைத்தது. இன்று இருவரும் குழித்துறையில் குடியிருக்கிறார்கள். காலையில் அவள் வடக்கு நோக்கி வண்டியேறுகிறாள். அவன் தெற்கு நோக்கி. மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனார். எல்லாம் இனிப்பாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். வண்டி தாமதமானால் இரவு உணவும் தாமதம். அதற்கு யார் சமைப்பது என்ற பேச்சு எழத்தான் செய்கிறது. ஆனால் அவள் இன்னமும் மூன்று மாதச் சீசன் வாங்குகிறாள்.

ஆகையால் செயற்குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் சங்கத்தில் வரன் விவரங்களுக்கு ஒரு நோட்டு இருக்கிறது. அதில் பெண்ணின் பக்கத்தில் 'உத்தியோகம்' என்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளையின் பக்கத்திலும் உண்டு. இவற்றோடு இரு பக்கங்களிலும் இன்னும் இரண்டு கட்டங்கள் கோடிட வேண்டும். 'இவ்வேலைக்கு எவ்வூருக்கு மாற்றல் கிடைக்கும்?' என்பது ஒன்று. 'திருமணத்துக்காக மாற்றல் கேட்க இசைவுண்டா?' என்பது மற்றொன்று. பெண்ணின் பக்கத்தை அவள் தகப்பனார் நிரப்பாமல் அவளே தன் கையெழுத்தில் நிரப்ப வேண்டும். பழைய நோட்டில் எழுபது பக்கங்கள் மீதியுள்ளன; புதிய நோட்டு வாங்கத் தேவையில்லை. கோடிடும் வேலையை நானே செய்து தருகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் நோட்டை என்னிடம் கொடுக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.